பகாங்கின் உடன்பிறந்தார் போர்

விண்மீன்களுக்கிடையே பேரரசுகளைக் கற்பனையாகப் படைத்து, அவற்றில் பெருங்குடியினர் ஆட்சிக்காகப் பொருதுவதைக் கூறும் புதினங்கள் மேலைநாட்டில் பல உள. 1965-இல் பிராங்க் ஹெர்பெர்ட் எழுதி வெளியிட்ட 'டியூன்' அவற்றுள் பெயர் பெற்றது. ஒரு கோளில் மட்டும் கிடைக்கும் அரும்பொருளுக்காக இரு குடிகள் மோதுகின்றன. பேரரசனோ மறைவில் ஒரு பக்கம் நின்று மற்றொன்றை அழிக்க முயல்கின்றான். இத்தகைய போட்டியைக் காண நாம் விண்ணுலகம் செல்லவேண்டுவதில்லை. நாம் வாழும் பகாங் நாட்டு வரலாற்றிலேயே அது நிகழ்ந்துள்ளது.

ரிங்லெட்டில் வாழ்வோர்க்குப் பேராக்கைச் சேர்ந்த தாப்பாவே மலையடிவார ஊர். ஆயினும் இம்மலை பகாங்கைச் சேர்ந்தது. பெர்த்தாம் ஆற்றின் இயற்கை வழி தெலோமோடு கூடி, ஜெலாயிற் சேர்ந்து, பகாங் ஆறாகிப் பெக்கானை அடுத்துக் கடலை அடைகின்றது. அப்பெக்கான் நகரின் ஆட்சிக்காகவே இப்போர் எழுந்தது.

முதற்கண் பேரரசின் அமைப்பை அறிதல் வேண்டும். ஜொகூர்-ரியாவ் பேரரசில் சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் பெண்டஹாரா, அவர் முதலமைச்சர். தெமெங்கோங் என்பார் காவற்றலைவர். 1699-இல் சுல்தான் மஹ்மூட் கொலையுண்டபோது, பெண்டஹாரா அப்துல் ஜலீலே அரியணை ஏறினார் என்பதால் அக்குடியின் உயர்வு விளங்கும். காலப்போக்கில் பகாங் பெண்டஹாரா குடிக்கும், ஜொகூர் தெமெங்கோங் குடிக்கும் உரியவாயின. 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கை பேரரசை இரு கூறாக்கியது. நடு வலி குன்றவே, அமைச்சர் குடிகள் அரசர் குடிகளாயின. 1853-இல் பெண்டஹாரா துன் அலி தாம் எவர்க்கும் கீழ்ப்பட்டவரல்லர் என அறிவித்தார்.

1857-இல் துன் அலி மறைந்தார். மூத்த மகன் துன் முத்தாஹிர் பட்டம் பெற்றார். குவாந்தான், எண்டாவ் ஆகிய இரு பகுதிகளின் வருவாயையும் தந்தை தமக்கென எழுதி வைத்தார் என்று இளையவர் வான் அஹ்மாட் உரிமை கோரினார். மூத்தவர் மறுத்தார். பூசல் போராக மாறி 1863 வரை நீடித்தது.

இப்போரில் அயலார் கொண்ட பங்கே கருதற்குரியது. மூத்தவர் ஜொகூரின் தெமெங்கோங்கை நாடி, 1861-இல் நட்புடன்படிக்கை செய்துகொண்டார். இளையவர்க்குத் திரெங்கானுவின் சுல்தான் ஒமார் புகலளித்தார். 1857-இல் டச்சுக்காரரால் நீக்கப்பட்ட லிங்கா சுல்தான் மஹ்மூட், சயாமின் துணையோடு 1862-இல் திரெங்கானுவிற்கு வந்து சேர்ந்தார். பகாங்கோடு நிகழ்ந்த வாணிகம் தடைப்பட்டதெனச் சிங்கப்பூர் வணிகர் முறையிட்டனர். சயாமின் கை நீள்வதை விரும்பாத ஆளுநர் கேவனா, அவ்வாண்டு நவம்பரில் கோலத் திரெங்கானுவின்மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிவித்தார். உடன்பிறந்தார் இருவரின் வழக்கிற்காக மூன்றாம் நாட்டு மக்களின் ஊர் குண்டடிபட்டது.

உள்நாட்டுத் தலைவர் பலர் மெல்ல மெல்ல இளையவர் பக்கம் சாய்ந்தனர். 1863-இல் தோல்வியுற்ற முத்தாஹிர் ஜொகூர் சென்று, கோல செடிலியில் உயிர் நீத்தார். அவர் மகன் வான் கோரிசும் அதனையடுத்து இறந்தார். வான் அஹ்மாட் பெண்டஹாராவானார். 1882-இல் சுல்தான் என்னும் பெயரும் பூண்டார்.

வென்றவர் பெற்றது யாது? 1868-இல் ஆளுநர் ஆர்ட் எல்லை வழக்கிற்குத் தீர்ப்பளித்தபோது, இளையவர் உரிமை கோரிய எண்டாவின் ஆறே ஜொகூருக்கும் பகாங்கிற்கும் எல்லையாயிற்று. 1888-இல் அதே சுல்தான் ஆங்கில ரெசிடெண்டை ஏற்கவேண்டிய நிலை வந்தது. 1891-இல் டத்தோ பஹாமான் அவ்வாட்சியை எதிர்த்துப் போர் தொடுத்தார், இழந்தது மீளவில்லை. உடன்பிறந்தானை வென்றவர் இருபத்தைந்து ஆண்டுகளில் தம் நாட்டின் ஆட்சியைப் பிறர் கையிற் கண்டார்.

தமிழாசிரியர்க்குப் புறநானூற்றின் 45-ஆம் பாட்டு ஈண்டு நினைவிற்கு வரும். உறையூரில் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியையும் முற்றுகையிட்ட நலங்கிள்ளியையும் கோவூர் கிழார் ஒருங்கே நோக்கினார். இருவரும் சூடியது சோழர்க்குரிய ஆத்தியே. எவர் வீழினும் இழப்பு அக்குடிக்கே என்று இடித்துரைத்தார். பகாங்கில் அவ்வாறு இடைநின்று கூறுவார் இருந்தாரோ என்று நாம் எண்ணுகின்றோம். அங்கு இடைநின்றோர் ஒவ்வொருவர்க்கும் தத்தம் பயனே குறிக்கோளாக இருந்தது.

இச்செய்தி பழங்கதையன்று. ரெசிடெண்ட் ஆட்சி வந்தபின்னரே இம்மலைநாடு ஆங்கில முதலீட்டிற்குத் திறந்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. அச்சாலை வழியே தமிழ்த் தொழிலாளர் வந்து காடு திருத்திக் கொழுந்து பறித்தனர். பெக்கானில் இரு உடன்பிறந்தார் கொண்ட பகை, அவர்கள் பெயரையும் கேட்டறியாத நம் முன்னோரை இம்மலைக்குக் கொணர்ந்த காரணங்களுள் ஒன்றாயிற்று. ரிங்லெட்டில் பயிலும் தமிழ் மாணவர்க்குப் பகாங் வரலாறு பிறர் வரலாறு அன்று என்பதை ஆசிரியர்கள் எடுத்துரைப்பாராக.