இடமில்லாத இடப்பரவல்: வடசென்னைக் கரையோரத்தில் கைப்பேசிச் சேவையை அளப்பது பற்றி

கைப்பேசி அழைப்புத் துண்டிப்பை அளக்கும் முறையை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 ஆகஸ்டில் திருத்தியது. அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டிராய் என வழங்கும் அந்த ஆணையத்தின் திருத்தம் பற்றி எழுதியவர்களிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து நிலவுகிறது. சேவைப் பகுதி முழுவதற்குமான சராசரிக்குள் மோசமான மூலைகள் அதுவரை ஒளிந்திருந்தன. திருத்தம் கொண்டுவந்த சதமான முறை அவற்றை வெளிச்சத்துக்கு இழுத்துவந்தது என்பதே அது. இந்த வாசிப்பு பாதிதான் சரி. ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் துறைமுக, ஆலைப் பட்டையில் வைத்துப் பார்த்தால் மறுபாதி நிற்கவில்லை.

விதிகளின் பிரதியைப் பார்ப்போம். 2009 விதிமுறைகள் இரண்டு வரம்புகளை வைத்திருந்தன. வலைப்பின்னல் முழுவதிலும் துண்டிப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 3 விழுக்காட்டுக்கு மேல் துண்டிப்புக் காணும் செல்கள், 2011 ஏப்ரல் முதல், மொத்தச் செல்களில் 3 விழுக்காட்டை மீறக் கூடாது. 2017 திருத்தம் இவற்றின் இடத்தில் இரண்டு எண்ணிணைகளை வைத்தது. இடப்பரவல் அளவை (90,90): குறைந்தது 90 விழுக்காடு செல்கள், குறைந்தது 90 விழுக்காடு நாட்களில், 2 விழுக்காட்டு வரம்புக்குள் நிற்க வேண்டும். காலப்பரவல் அளவை (97,90): குறைந்தது 90 விழுக்காடு நாட்களில், குறைந்தது 97 விழுக்காடு செல்கள் 3 விழுக்காட்டு வரம்புக்குள் நிற்க வேண்டும். (செல் என்றால் நம் ஊரில் கையில் இருக்கும் கருவி, இங்கே அது கோபுரத்தின் ஒரு முகம் ஆளும் பரப்பு.)

இரண்டும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள் போலத் தோன்றும். அப்படியல்ல. எதை முதலில் எண்ணுகிறோம், எதைப் பிறகு எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. இடப்பரவலில் முதலில் ஒவ்வொரு செல்லின் நாட்களையும் தனித்தனியே வரிசைப்படுத்துகிறோம். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வரலாறு கிடைக்கிறது. அதன் பிறகே செல்களை எண்ணுகிறோம். காலப்பரவலில் முதலில் ஒரு நாளின் செல்கள் அத்தனையையும் குவித்துவிடுகிறோம். பிறகு நாட்களை எண்ணுகிறோம். ஆகவே காலப்பரவலில் செல்லின் அடையாளம் அன்றன்றே அழிகிறது. இன்று தவறிய 3 விழுக்காடு செல்களும் நாளை தவறும் 3 விழுக்காடு செல்களும் ஒன்றேயா வேறா என்று அந்த அளவையைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. ஒரே குப்பம் நாள்தோறும் தண்டனை பெறுவதும், மாநிலமெங்கும் ஆளுக்கொரு நாள் என்று தண்டனை சுற்றிவருவதும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

இடப்பரவல் இதைத் திருத்துகிறது என்பதே முன்னைய ஆய்வுகளின் ஆதாரத் தூண். செல்லின் அடையாளத்தை அது காக்கிறது, உண்மை. ஆனால் அடையாளம் வேறு, இடம் வேறு. ஒரு செல்லுக்கு எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பக்கத்து எண் எது என்று அளவைக்குத் தெரியாது. பத்துச் செல்கள் தவறின என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று, காரைக்காலில் ஒன்று என அவை சிதறிக் கிடக்கலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசையாக ஒன்றையடுத்து ஒன்றாகவும் அவை நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். இடப்பரவல் எனப் பெயர்கொண்ட அளவையில் தூரம் இல்லை, திசை இல்லை, அண்டை இல்லை. அது பரவலை அளக்கவில்லை, எண்ணிக்கையை அளக்கிறது. பெயரில் இருக்கும் இடம் சூத்திரத்துக்குள் எங்கும் நுழையவில்லை என்பதே இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு. மற்றவை இதன் விளைவுகள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்க முடியாது. தனித்து நிற்கும் ஒரு செல் தடுமாறும்போது பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பை அண்டைச் செல் வாங்கிக்கொள்கிறது. கைமாற்றம் என்று துறையினர் சொல்வது இதைத்தான். பயனாளருக்கு ஒரு நொடிக் கரகரப்போடு விஷயம் முடியும். அண்டையும் தடுமாறினால் வாங்க ஆளில்லை. ஆகவே அடுத்தடுத்த பத்துச் செல்களின் தவறு, சிதறிய பத்துச் செல்களின் தவறைவிடக் கூடுதலான தவறு என்பதோடு நிற்காது. வகையிலேயே வேறான தவறு.

இனி நிலத்துக்கு வருவோம். பாடநூல்களில் வரையப்படும் தேன்கூட்டு அமைப்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஆறு அண்டைகள். எண்ணூர் விரைவுச் சாலையையொட்டி நிற்கும் ஒரு கோபுரத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டினால் மணலியின் சுத்திகரிப்பு, ரசாயன ஆலைகளின் மதில்கள், அவற்றுக்குள் கோபுரம் நடுவது ஆலை நிர்வாகத்தின் சம்மதத்தைப் பொறுத்தது. வடக்கும் தெற்கும்தான் நம்பகமான அண்டைகள். சங்கிலி போன்ற அமைப்பு; ஒரு கண்ணி விட்டால் இருபுறமும் தளரும். தேன்கூட்டில் ஒரு அறை உடைந்தால் தேன் பக்கத்து அறையில் இருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

தவறுகள் இங்கே சேர்ந்து நிகழ்வதற்கும் காரணங்கள் உண்டு. ஒரே மின்னூட்டத் தடத்தில் தொங்கும் கோபுரங்கள் ஒன்றாக அணையும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையைக் கடந்த பின்னும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போதும் கைப்பேசி கிடைக்காமல் போனதற்குக் கோபுரம் சாய்ந்தது மட்டும் காரணமல்ல. மின்சாரம் நின்று, பேட்டரி தீர்ந்து, டீசல் போய்ச்சேர வழியில்லாமல் போனதும் காரணம். அணைந்த செல்லில் அழைப்பு இல்லை, அழைப்பு இல்லாத செல்லில் துண்டிப்பும் இல்லை. செத்த செல் பாவம் செய்வதில்லை. அணைந்த நேரத்தைக் கணக்கிடத் தனி வரம்பு உண்டு, 2 விழுக்காடு. 30 நாள் மாதத்தில் அது 14.4 மணி நேரம். அதுவும் எல்லாக் கோபுரங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடும் கூட்டுத்தொகை. விரட்டியதாகச் சொன்ன சராசரி பின்வாசல் வழியாக வந்து அமர்ந்திருக்கிறது.

பிறகு கன்டெய்னர்கள். சாதாரணக் கன்டெய்னரின் உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர். ஐந்தை அடுக்கினால் 13 மீட்டர் எஃகுச் சுவர். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். 1800-க்கு ஏறத்தாழ 17. இந்த அலைகளுக்கு எஃகுச் சுவர் ஊடுருவ முடியாத கண்ணாடி. இந்தக் கண்ணாடி நாள்தோறும் நகர்கிறது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் லாரி வரிசையின் நீளத்தைப் பொறுத்து, சாலைக்கும் குப்பத்துக்கும் நடுவே ஒரு மதில் எழுந்து எழுந்து மறைகிறது.

இதோடு வகுக்கும் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்கைசெல்லும் ஆர்பிஜியும் சேவை நடத்திய 1990களில் சென்னை தனிச் சேவைப் பகுதி. இன்று அது தமிழ்நாடு சேவைப் பகுதிக்குள் அடக்கம். ஒரு நிறுவனத்துக்கு அப்பகுதியில் ஒரு லட்சம் செல்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 10,000 செல்கள் எத்தனை மோசமாக இயங்கினாலும், எத்தனை நாள் இயங்கினாலும், இடப்பரவல் வரம்பு மீறப்படாது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள செல்கள் அத்தனையும் அந்தப் பத்தாயிரத்துக்குள் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். அவை அப்படி அடங்கியிருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. அடங்கியிருந்தாலும் இந்த விதி கண்டுகொள்ளாது என்றே சொல்கிறேன். முன்னைய ஆய்வுகள் விதியின் மௌனத்தை நற்சான்றாக வாசித்தன. அங்குதான் அவற்றோடு முரண்படுகிறேன்.

அவை இன்னொரு சான்றையும் காட்டுவதுண்டு: டிரைவ் டெஸ்ட். காரில் ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மோடும் சோதனைக் கைப்பேசிகள், ஸ்கேனர், ஜிபிஎஸ். வண்டி நகர நகர அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். அலைவலிமை வரைபடத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் பதியும். இதில் இடம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடம் சாலை. எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி போகும். நெட்டுக்குப்பத்தின் சந்துக்குள், தகரக் கூரைக்கடியில் போகாது. காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகின் பாதை அதன் வரைபடத்தில் துறைமுக வாசலோடு முடிகிறது. நடைச்சோதனையும் ஓரிடத்தில் நின்று செய்யும் சோதனையும் இப்போது உண்டே என்பார்கள். உண்டு, அவை பெரும்பாலும் ரயில் நிலையம், மருத்துவமனை போன்ற கூட்டமான இடங்களை நாடுகின்றன. டிராயின் மைஸ்பீடு செயலியில் மக்களே அளந்து அனுப்பலாமே என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை: சிக்னல் இல்லாதவர் சிக்னல் இல்லை என்பதை எதன் வழியாக அனுப்புவார்?

துண்டிப்பு என்று எதை எண்ணுகிறோம் என்பதும் கேள்விக்குரியது. 2ஜி வலைப்பின்னலில் ஓர் எண்ணி இருக்கிறது. கட்டுப்பாட்டுச் செய்தி ஒன்று படிக்க முடியாமல் போனால் எண்ணி ஒன்று குறையும். படிக்க முடிந்தால் இரண்டு ஏறும். பூஜ்ஜியத்தைத் தொட்டால் அழைப்பு துண்டிக்கப்படும். தொடக்க மதிப்பை 4 முதல் 64 வரை வைக்கலாம். செய்திக்கு 0.48 நொடி என்பதால், 64 என்று வைத்தால் ஏறத்தாழ அரை நிமிடம் அழைப்பு பிணமாகக் கிடக்கும், துண்டிக்கப்படாது. "அலோ அலோ" என்று கத்தி ஓய்ந்தவர் தானே வைத்துவிடுவார். கணக்கில் அது இயல்பான முடிவு. 2016-இல் இந்த எண்ணி பொதுவெளியில் பெரும் சர்ச்சையானது, நிறுவனங்கள் மறுத்தன. அதே ஆண்டு மே மாதம், துண்டிப்புக்கு ஒரு ரூபாய் வீதம் நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு தரச் சொன்ன டிராயின் 2015 விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த எண்ணியை யார் எப்படி வைத்தார்கள் என்பதில் எனக்கு அக்கறை குறைவு. அளவை எந்தப் பக்கம் சாயத் தூண்டுகிறது என்பதே முக்கியம். கரையிலிருந்து விலகும் படகில் பேசுபவரின் அழைப்பு எப்படியும் அறுபடும். அது கரைச் செல்லின் கணக்கில் ஏறும். அந்த எண்ணைக் குறைக்க மலிவான வழி ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கடலைக் கைவிடுவது. தொடங்காத அழைப்பு துண்டிக்கப்படுவதில்லை.

2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிமுறைகள் இதையெல்லாம் பழங்கதை ஆக்கிவிட்டன என்று சிலர் கருதலாம். நிறுவனங்கள் சேவை வரைபடங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது நல்ல மாற்றம்தான். ஆனால் அவ்வரைபடம் அலை எட்டும் பரப்பைக் காட்டும், அழைப்பு பிழைக்கும் பரப்பை அல்ல. நேற்று இல்லாத கன்டெய்னர் மதில் எந்தக் கணிப்புக்குள்ளும் இல்லை. பெரிய அளவிலான சேவை முடக்கம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் வாடகைக் கழிவும் செல்லுபடிக் கால நீட்டிப்பும் உண்டு. அங்கே அலகு மாவட்டம். திருவொற்றியூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சென்னையில். எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டினால் அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் திருவள்ளூரில். ஒரே உப்புக்காற்று, ஒரே லாரி வரிசை, நடுவே மாவட்டக் கோடு. அணைந்த பட்டை இரண்டு மாவட்டங்களின் ஓரங்களாகப் பிரிந்துபோனால் எந்த மாவட்டத்தின் கணக்கிலும் அது பெரிதாகத் தெரியாது.

இங்கே பேச்சுமொழியை ஒரு சான்றாகக் கொள்ளலாம் என்று தோன்றுகிறது. துறை அறிஞர்கள் சிரிக்கலாம். இந்தப் பக்கத்து மக்கள் அலைவலிமை குறைவு என்று சொல்வதில்லை, "டவர் கிடைக்கல" என்கிறார்கள். "மாடிக்குப் போனா டவர் எடுக்கும்", "அந்த முக்குல நின்னா ஒரு புள்ளி வரும்." அவர்கள் பேச்சில் சேவை எப்போதும் ஓரிடத்தோடு ஒட்டியே வருகிறது. தொண்ணூறு விழுக்காடு என்ற பேச்சு எந்த வீட்டிலும் எழுவதில்லை.

இடத்தைச் சூத்திரத்துக்குள் கொண்டுவரப் புதுக் கருவி ஏதும் வேண்டியதில்லை. கைமாற்றத்துக்காக ஒவ்வொரு செல்லும் தன் அண்டைச் செல்களின் பட்டியலை ஏற்கெனவே வைத்திருக்கிறது. தவறிய செல்களை மட்டும் எடுத்து, அவற்றுள் எவை ஒன்றின் பட்டியலில் மற்றொன்று இருக்கின்றன என்று பார்த்தால் போதும். சிதறல் எது, திட்டு எது என்று பிரிந்துவிடும். எத்தனை செல்கள் சேர்ந்தால் திட்டு என்பதில்தான் விவாதம் வரும். உள்நாட்டுத் தேன்கூட்டை வைத்து யோசிப்பவர்கள் மூன்றோ நான்கோ கேட்பார்கள். எண்ணூர் முகத்துவாரத்து வரிசையில் அடுத்தடுத்து இரண்டு விழுந்தாலே அழைப்பை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை; எனவே அந்த எண்ணை இரண்டு என்று வைத்து, கரையோரத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.