சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்

சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், கடையநல்லூரைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் 1941இல் தொடங்கிய நலச்சங்கம். பெயரில் ‘லீக்’ என்ற சொல் இருந்தாலும் இது அரசியல் கட்சியன்று. ஊர்க்காரர்களை ஒன்றுசேர்க்கும் அமைப்பு. 1946இல் இச்சங்கம் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்றது.

பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள கடையநல்லூர், கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிருந்து பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். அக்காலத்தில் இராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகமும் நாகப்பட்டினமும் தமிழர்கள் கிழக்கே கப்பலேறும் வாசல்களாக இருந்தன. 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜுலா’ கப்பல், இவ்விரு துறைகளையும் பினாங்கு, சிங்கப்பூருடன் பல்லாண்டுகள் இணைத்தது.

சிங்கப்பூரில் கடையநல்லூரார் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். அன்று தமிழ் ஆண்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாகவே சென்றனர். கடையநல்லூராரோ மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். பெண்கள் மசாலா அரைத்துச் சந்தையில் விற்று வருமானம் ஈட்டினர். இவர்கள் வாழ்ந்த வட்டாரத்தில் கடையநல்லூர்த் தெரு என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி

சங்கம் தொடங்கிய மறு ஆண்டே, 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945 செப்டம்பரில் போர்க்காலம் முடிந்த கையோடு சங்கம் பிள்ளைகளின் படிப்பில் கருத்தைச் செலுத்தியது. குடும்பமாக வாழ்ந்த சமூகத்துக்குப் பள்ளிதான் முதல் தேவை. ஏ.என். மைதீன் தலைமையில் 1946இல் பள்ளி உருவானது.

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரமும் கடையநல்லூரும் பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழ்க் காப்பியமாக்கியவரின் பெயரில் சமயம், மொழி, சொந்தச் சீமை மூன்றும் ஒருங்கே அமைந்தன.

மேக்ஸ்வெல் சாலையில் இயங்கிய இப்பள்ளி, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. தொடக்கப் பள்ளியை முடித்த மாணவர்கள் தமிழ்வழியிலேயே மேலே படிக்க அது வழி திறந்தது. பின்னாளில் பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடியதால் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசிவரை தாக்குப்பிடித்த உமறுப் புலவர் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே தொடங்கப்பட்ட உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைக் காத்தது. பீட்டி சாலையில் உள்ள அந்நிலையம் இன்றும் மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறது.

ஊர்ச் சங்க மரபில் இடம்

ஊர்ப்பெயரால் கூடிப் பொதுப்பணி செய்வது சிங்கப்பூரின் பழைய வழக்கம். 1840இல் தோன்றிய ஹொக்கியன் சீனர் சங்கம், 1906இல் தாவ் நான் பள்ளியை நிறுவியது. அதைப் போலவே பள்ளி நிறுவிய கடையநல்லூர் சங்கத்தாரோ ஒரு சிற்றூரிலிருந்து வந்த உழைப்பாளிகள். நகரச் சீரமைப்பால் தஞ்சோங் பகார் குடியிருப்புகள் கலைந்து, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து சென்ற பிறகும் அவர்களின் சங்கம் நீடித்தது.

தம் ஊர்ப் பிள்ளைகளை எண்ணி அவர்கள் எழுப்பிய பள்ளி, சிங்கப்பூர்த் தமிழர் அனைவருக்கும் உரிய சொத்தாயிற்று. இச்சங்கத்தின் தலையாய அறம் அதுவே.