ஐந்து முறை பிறந்த அணி

தம்புள்ளையின் பெயரைத் தாங்கிய அணியொன்று லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடரில் முதன்முதலாக விளையாட இறங்கியது 2020 நவம்பரில். இறங்கிய இடம் தம்புள்ளை அல்ல, சூரியவெவ. கொரோனா காலம், முழுத் தொடரும் அந்த ஒரே மைதானத்தில், பார்க்க ஆளில்லாமல் நடந்து முடிந்தது.

கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணத்தோடு தம்புள்ளையும் இடம்பிடித்ததில் வியப்பில்லை. விகாரைக்குச் சொந்தமான காணியில் 167 நாளில் எழும்பிய ரங்கிரி மைதானம் 2001இலிருந்து இங்கே நிற்கிறது. ஆனால் லீக் அணிக்கு ஊர் வெறும் முகவரிதான். பெயர் வைப்பவர் காசு போடுபவர். முதலில் போட்டவர் இந்திய நடிகரும் தொழிலதிபருமான சச்சின் ஜோஷி. தன் நிறுவனப் பெயரையே சூட்டினார்: தம்புள்ளை வைக்கிங். அரையிறுதிவரை போன அணியை யாழ்ப்பாணம் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த தொடருக்கு முன்பே உரிமம் ரத்து.

2021இல் ஜயன்ட்ஸ். தலைவர், முதல் தொடரிலும் தலைமை தாங்கிய தசுன் சானக. இறுதிப் போட்டிக்குப் போகவிடாமல் மறித்ததும் அதே யாழ்ப்பாணம். 2022இல் ஓரா லங்கா குழுமம் வாங்க, அணி ஓரா ஆனது. மறுவருடம் குசல் மெண்டிஸ் தலைமையில் இறுதிவரை வந்து கண்டியிடம் கோப்பையை விட்டது.

மூன்று வாரத் தொடர் இது. உரிமக் கட்டணம், வீரர் சம்பளம், ஹோட்டல் செலவு எல்லாம் கையைவிட்டுப் போகும். விளம்பரக் காசு வந்தால் வந்தது. கட்டுப்படியாகாதவர் தங்குவாரா?

யாழ்ப்பாணத்திடம் அப்போது சர்வதேச மைதானமே கிடையாது. ஆனால் முல்லைத்தீவில் பிறந்த அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா 2021இல் வாங்கியதிலிருந்து 2024 வரை பெயர் கிங்ஸ்தான், மாறவில்லை. முதல் மூன்று கோப்பைகளும் அங்கேதான் போயின. தம்புள்ளைக்கு இதைவிட நல்ல எதிரி கிடைக்குமா? ஆனால் எதிரியை வாய்நிறையத் திட்டுவதற்கும் அவன் பெயர் அடுத்த வருடமும் அதுவாகவே இருக்க வேண்டுமே!

2024 மே 21, கொழும்பில் ஏலம். தம்புள்ளை தண்டர்ஸ் என்ற புதுப் பெயரில் புது முதலாளிகள் வீரர்களை எடுத்தார்கள். மறுநாளே இணை உரிமையாளர் ஒருவர் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். உரிமமும் போயிற்று. ஜூலை 1 தொடக்கம் என்று நாள் குறித்தாயிற்று, வீரர்களும் ஏலம் போயாயிற்று, சம்பளம் கொடுக்க ஆளில்லை. செக்கோயா கன்சல்டன்ட்ஸ் என்ற நிறுவனம் வந்து அணியை ஏற்றது. சிக்ஸர்ஸ் பிறந்தது இப்படித்தான்.

அந்த வருடம்தான் லீக் ஆட்டங்கள் முதன்முறையாக ரங்கிரி மைதானத்துக்கே வந்தன. ஐந்து அணிகளில் நான்கு அடுத்த சுற்றுக்குப் போயின, போகாதது தம்புள்ளை. கோப்பையை மறுபடி யாழ்ப்பாணம் தூக்கியது.