மூன்று விமானங்களில் ஒரு பயணம்

எகிப்தின் கெய்ரோவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வரை வான்வழித் தொலைவு ஏறத்தாழ 7,240 கி.மீ. ஆகும். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் இடைநில்லாமல் பறக்கும் ஜெட் விமானம் இதை எட்டரை மணி நேரத்தில் கடந்துவிடும்.

1920-ஆம் ஆண்டில் நிலைமை வேறு. வான் ரைன்வெல்ட், பிராண்ட் என்னும் தென்னாப்பிரிக்க விமானிகள் இருவர் பிப்ரவரி 4-ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து 'சில்வர் குவீன்' விமானத்தில் கிளம்பிக் கெய்ரோ வந்தனர். அங்கிருந்து தெற்கே செல்கையில் ரேடியேட்டர் ஒழுகி எஞ்சின் சூடேறியது. இரவில், கொரோஸ்கோ அருகே இறங்கும்போது விமானம் நொறுங்கியது. அதன் எஞ்சின்களைப் பொருத்திய இரண்டாவது விமானம், இன்றைய ஜிம்பாப்வேயிலுள்ள புலவாயோ வரை சென்றது.

புலவாயோ கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரமும் வெப்பமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைகளைத் தூக்கும் விசையும் எஞ்சினின் திறனும் அதனுடன் குறையும். சுமையோடு கிளம்பிய விமானம் மேலெழ இயலாமல் வீழ்ந்தது. விமானிகள் உயிர் தப்பினர். மூன்றாவது விமானத்தில் மார்ச் 20-ஆம் நாள் கேப் டவுனை அடைந்தனர்.

அவர்களை வீழ்த்தியது தொலைவன்று, மெலிந்த காற்றே! ஜோகன்னஸ்பர்க் போன்ற உயரமான நகரங்களில் இன்றும் வெப்பநிலையைப் பார்த்தே விமானத்தின் சுமையைக் கணக்கிடுகின்றனர்.