மாமல்லபுரத்துத் தவப்பூனை

தொலைக்காட்சிக் குடும்ப நகைச்சுவை நாடகங்களிற் பூனை அடிக்கடி தலைகாட்டும். அமெரிக்காவில் 1964 முதல் 1972 வரை ஒளிபரப்பாகிய 'பிவிட்ச்ட்' தொடரில், 1965ஆம் ஆண்டுக் கதையொன்றிற் பூனை மங்கையாக மாற்றப்படுகின்றது. மங்கையாகிய பின்னும் பூனைக்குணம் போகாமையே அங்கு நகை.

இந்நகைக்கு மூத்த உறவு மாமல்லபுரத்தில் உண்டு. பல்லவர் 7ஆம் நூற்றாண்டிற் செதுக்குவித்த, ஏறத்தாழ 90 அடி நீளமான பாறைச் சிற்பத்திலே, பெரிய யானையின் அண்மையில், முன்கால்களைத் தலைமேல் உயர்த்தி ஒரு பூனை நிற்கின்றது, சூழ எலிகள். மேலே ஒற்றைக்காலில் நின்று தவஞ்செய்யும் மானிடனைப்போலவே அது நடிக்கின்றது.

அத்தவத்தோன் அருச்சுனனா, பகீரதனா என்னும் வழக்கு இன்னும் ஓய்ந்திலது. 1914இற் கோலுபேவ் என்னும் அறிஞர் கங்கையின் இறக்கமே அதுவென வாதித்தார். பூனையோ இரு கட்சிக்கும் சான்று கூறவல்லது. மகாபாரத உத்தியோகபருவத்தில், துரியோதனன் உலூகன்வழிச் சொல்லிவிட்ட கதையிலே, கள்ளப்பூனை கைகளை உயர்த்தித் தவங்கிடப்பது கங்கைக்கரையில். அவ்வசை குறிப்பதோ அருச்சுனனின் தமையனை. நம்பிய எலிகள் நாளுக்குநாள் குறைந்தன, பூனை கொழுத்தது.

இதனைச் சிற்பியின் வெறும் விளையாட்டென ஒதுக்குவாருமுளர். அது பொருந்தாது. மெய்த்தவத்துக்கும் பொய்த்தவத்துக்கும் புறக்கோலம் ஒன்றே. அதனைக் காட்ட, இரண்டையும் ஒரே பாறையில் நிறுத்துதல் வேண்டும். அரசன் செலவில் அதனைச் செய்ய நெஞ்சுரமும் வேண்டும்.