ஒத்த தோற்ற லிம்போமாக்களைப் பிரித்தறிதல்

லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் ஒரே நோயன்று. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதில் பல பத்து வகைகளைத் தனித்தனியே காட்டுகிறது. அவற்றுள் சில நுண்ணோக்கியில் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கும். மருத்துவமோ வகைக்கு வகை மாறும். கேரள எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார நோயாளிகளுக்கு லிம்போமா சிகிச்சைக்கான பெரிய மருத்துவமனை, 1981-இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் (ஆர்.சி.சி.). களியக்காவிளைக்குத் தமிழகப் பக்கமுள்ள குமரி மாவட்டத்தாரும் அங்கே செல்வதுண்டு.

நம் நாட்டில் முதல் குழப்பம் காசநோயோடுதான். கழுத்தில் நெறிகட்டி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை இரண்டிலும் வரும். திசுவில் கிரானுலோமா என்னும் அழற்சிச் செல் திரளும் பாலாடைக்கட்டி போன்ற சிதைவும் தெரிந்தால் காசநோய் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் கிரானுலோமா இருக்கலாம். ஹாட்ஜ்கினுக்கு அடையாளமான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லைத் தேடாமல் அறிக்கை எழுதக்கூடாது. இதற்கு எதிர்த்திசையிலும் தவறு நேரும். 1972-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட கிகுச்சி நோய் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வந்து தானே ஆறிவிடும். அதை லிம்போமா என்று முடிவுகட்டினால் தேவையற்ற கீமோதெரபியில் முடியும்.

சிறுசெல் பி-செல் லிம்போமா வகைகளில் உருவத்தை மட்டும் நம்ப முடியாது. நாள்பட்ட லிம்போசைட் புற்றும் மேன்டில் செல் லிம்போமாவும் பொதுவாக சி.டி.5 என்னும் புரதக் குறியைக் காட்டும். முன்னதில் சி.டி.23 உண்டு, சைக்ளின் டி1 இல்லை. பின்னதில் பெரும்பாலும் இது தலைகீழ். அறிகுறியற்ற முன்னதைக் கண்காணித்தாலே போதும், மேன்டில் பொதுவாக அப்படிக் காத்திராது. ஃபாலிகுலர் லிம்போமா, தொற்றால் வீங்கிய நிணநீர்க் கணுவைப் போலவே இருக்கும். வீங்கிய கணுவின் முளை மையத்தில் பி.சி.எல்.2 புரதம் இராது, லிம்போமாவில் பெரும்பாலும் இருக்கும். சி.டி.30 ஹாட்ஜ்கினிலும் அனாபிளாஸ்டிக் லிம்போமாவிலும் தெரியும். பி-செல் குறியான பாக்ஸ்5 மங்கலாகத் தெரிந்தால் தராசு ஹாட்ஜ்கின் பக்கம் சாயும். பர்கிட் லிம்போமாவா, வேறு தீவிர பி-செல் வகையா என்ற ஐயத்துக்கு மிக் மரபணுவோடு பி.சி.எல்.2 மரபணுவும் இடம்பெயர்ந்துள்ளதா என்று ஃபிஷ் என்னும் ஒளிர்குறிச் சோதனையில் பார்ப்பார்கள். எந்தக் குறியும் தனியே தீர்ப்புச் சொல்லாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 2773 ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பரவலான பெருசெல் பி-வகை. இவ்வகை இந்தியாவில் அடிக்கடி தென்படுவதால், அரிதான ஒன்றையும் அதிலேயே அடக்கிவிடும் சறுக்கல் எளிது.

இத்தனை சோதனைகளுக்கும் அடிப்படை நல்ல மாதிரி. ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி., ஐயத்தை எழுப்பும். கணுவின் அமைப்பைக் காட்டாது. இயன்றவரை முழுக் கணுவையே எடுத்து, உலரவிடாமல், உடனே போதிய ஃபார்மலினில் இடவேண்டும். பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கி விடை மறையலாம்; இந்தத் தவறு இன்னும் நிகழ்கிறது என்பதுதான் வருத்தம். ஒரு மாநிலத்தில் பயாப்ஸி, மறு மாநிலத்தில் சிகிச்சை என்று அலையும் எல்லைப்புற நோயாளிகள் அறிக்கையை மட்டும் கையில் எடுத்துச் செல்லாமல், ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லவேண்டும். பிளாக் இருந்தால் புதிய சாயச் சோதனைகளை அதிலேயே செய்யலாம். மீண்டும் கத்தி வைக்கத் தேவையிராது.