துரியோதனன் படுகளம்

துரியோதனன் படுகளம் என்பது வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவின் முடிவில், வீமனுக்கும் (பீமன்) துரியோதனனுக்கும் இடையே நடந்த கதாயுதப் போரை நிகழ்த்திக் காட்டும் சடங்கு நாடகம் ஆகும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களில், பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் இது நடைபெறுகிறது. முந்தைய இரவு தொடங்கும் கூத்து விடியும் வரை நீள, அதன் தொடர்ச்சியாகக் காலையில் திறந்தவெளியில் படுகளம் நிகழும். யார் வெல்வார் என்பது கூட்டத்தில் உள்ள சிறு குழந்தைக்கும் தெரியும். இருந்தும் மக்கள் கலைவதில்லை. முடிவு தெரிந்த ஒரு நீண்ட சண்டை எவ்வாறு பார்ப்பவரைக் கட்டிப்போடுகிறது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. இவ்வகையில் இது இன்றைய தொழில்முறை மற்போருடன் (மல்யுத்தக் காட்சி) ஒப்பிடத்தக்கது.

பெயரும் பின்னணியும்

படுகளம் என்ற சொல் வீரர்கள் வீழ்ந்து கிடக்கும் போர்க்களத்தைக் குறிக்கும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பாரதக் கதையைப் பொதுமக்கள் முன் எடுத்துரைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில் கிடைத்த, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்காகப் பங்கு ஒதுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. அம்மன்னனின் பாட்டனாகிய முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன், அதாவது பெரும் மற்போர் வீரன், என்ற பட்டம் இருந்தது இங்கு நினைவுகூரத்தக்கது. எனினும் அப்பட்டத்துக்கும் படுகளத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

இன்றைய விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். பிரசங்கத்துக்கு வில்லிபுத்தூராரின் பாரதமும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நல்லாப்பிள்ளை பாரதமும் அடிப்படையாக அமைகின்றன.

விழாவில் படுகளத்தின் இடம்

படுகளத்தைத் தனியே பார்த்தால் அதன் வலிமை விளங்காது. அதற்குப் பல இரவுகளுக்கு முன்பே திரௌபதி துகிலுரிதல் நடிக்கப்பட்டிருக்கும். துரியோதனன் தன் தொடையைக் காட்டி அவளை அமரச் சொல்கிறான். அத்தொடையைப் பிளப்பேன் என்று வீமன் சூளுரைக்கிறான். பழி தீரும்வரை கூந்தலை முடியேன் என்று திரௌபதி சூளுரைக்கிறாள். அக்கூத்தில் துச்சாதனன் வேடமிடுபவர் சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவது பல ஊர்களில் வழக்கம். நடிப்பு என்று தெரிந்தே செய்யும் செயலுக்கும் மன்னிப்புத் தேவைப்படுகிறது.

இதன் பின் அருச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று கதை நகரும். ஒவ்வொரு இரவும் ஒரு கணக்கு தீர்கிறது. தொடைக் கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. கடைசி இரவில் ஆடப்படும் பதினெட்டாம் போர் என்னும் கூத்தில் அது முன்னுக்கு வருகிறது.

நிகழ்த்துமுறை

பதினெட்டாம் போரில் துரியோதனன் ஏறத்தாழத் தனியனாகிவிட்டான். திரைக்குப் பின்னிருந்து பாடி, மெதுவாகத் தன்னை வெளிப்படுத்தும் அவனது வருகையே நெடுநேரம் எடுக்கும். கிரீடம், புயங்களில் அணியும் கட்டைகள், மார்புப் பதக்கம் ஆகியவற்றின் எடையைச் சுமந்துகொண்டு நடிகர் பாடவும் சுழன்று ஆடவும் வேண்டும். மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவை பின்னணி இசைக்கும். இடையிடையே கட்டியக்காரன் புகுந்து நகைச்சுவை செய்வான். உறக்கம் கண்ணைச் சுழற்றும் மூன்றாம் சாமத்தில் அவனுடைய பணி சிறிதன்று.

இறந்தோரை எழுப்பும் மந்திரத்தைச் செபிக்கத் துரியோதனன் நீருக்குள் மறைகிறான். வீமன் கரையில் நின்று இழித்துரைத்து அவனை வெளியே வரவழைக்கிறான். இது சண்டையைத் தள்ளிப்போடும் காட்சி போலத் தோன்றினும், உண்மையில் சண்டையின் தொடக்கம் இதுவே.

காலையில் இடம் மாறுகிறது. கோயிலுக்கு அருகே திறந்தவெளியில், மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் மிகப்பெரிய உருவம் மண்ணால் செய்யப்பட்டு வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். அதன் தொடையில் செந்நீர் நிரப்பிய பானை புதைக்கப்பட்டிருக்கும். வேடமிட்ட இருவரும் கதாயுதங்களுடன் இவ்வுருவத்தைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொள்வர். கூட்டமும் உடன் ஓடும். மேடை என்ற எல்லை இங்கு இல்லை. இறுதியில் வீமன் தொடையில் அடிக்க, செந்நீர் பீறிடும். அதைக் கொண்டு திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். பெருந்திருவாள் என்று இம்மரபில் அழைக்கப்படும் துரியோதனனின் மனைவி ஒப்பாரி வைப்பாள். பல ஊர்களில் அன்று மாலை தீமிதி நடைபெறும். சில ஊர்களில் மக்கள் உருவத்தின் மண்ணை எடுத்துச் செல்வர்.

நீளும் போரின் ஈர்ப்பு

கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிப்பது விதிமீறல். வீமன் வெல்வது அவ்வாறு அடித்தே. வியாச பாரதத்தில் அருச்சுனன் தன் தொடையைத் தட்டி அவனுக்குக் குறிப்புக் காட்டுகிறான். கூத்தில் இவ்வேலையைக் கண்ணனுக்குக் கொடுப்பது வழக்கம். ஆகவே பார்ப்பவர் காத்திருப்பது வெற்றிக்காக மட்டுமன்று. வீமன் விதியைக் காத்தால் சூளுரை பொய்க்கும்; சூளுரையைக் காத்தால் விதி உடையும். ஒவ்வொரு சுற்றிலும் வீமன் ஓங்கிய கதை இறங்காமல் திரும்பும்போது இந்த இக்கட்டே நீடிக்கிறது. வெறும் ஓட்டமும் துரத்தலும் ஆயின் சில நிமிடங்களில் சலித்துவிடும்.

மேலும், இரவு முழுதும் பாடி ஆடிய நடிகரின் களைப்பு நடிப்பன்று. கரகரத்த குரலும் வியர்வையில் கரைந்த அரிதாரமும் வீழப்போகும் மன்னனுக்கு இயல்பாகவே பொருந்திவிடுகின்றன. பல நாள் வெறுக்கப்பட்டவன் வீழும்போது பெண்கள் அழுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தொழில்முறை மற்போருடன் ஒப்புமை

தொழில்முறை மற்போரிலும் முடிவு முன்பே தீர்மானிக்கப்படுகிறது. அது ஒரு கேளிக்கையே என்பதை உலக மற்போர்க் கூட்டமைப்பு 1989இல் நியூ செர்சி மாநில அவையிடம் ஒப்புக்கொண்டது. பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957இல் வெளியான தம் நூலில், மற்போரை விளையாட்டாக அன்றிக் காட்சியாகவே காணவேண்டும் என்று வாதிட்டார்.

நீளம் மட்டும் ஈர்ப்பைத் தராது என்பதற்கு, ஒத்திகை இல்லாத உண்மையான போட்டி ஒன்றே சான்று. 1910 செப்டம்பர் 10 அன்று இலண்டனில் காமா பயில்வானும் போலந்தின் சிபிசுக்கோவும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மோதினர். சிபிசுக்கோ பெரும்பாலான நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்து தற்காத்துக்கொண்டதால் முடிவு கிட்டவில்லை, பார்த்தவர்கள் சலிப்படைந்தனர். 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார். 18 ஆண்டுக் காத்திருப்பு அந்த ஒரு நிமிடத்துக்குக் கனம் சேர்த்தது.

மாறாக, 1996இல் அனாகைமில் நடந்த 12ஆம் ரெசில்மேனியாவில் பிரெட் ஆர்ட்டும் சான் மைக்கேல்சும் ஒரு மணி நேரம் மோதியும் ஒருவரும் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. கூடுதல் நேரத்தில்தான் மைக்கேல்சு வென்றார். இதன் நீளம் பொருத்தமானதா என்பதில் இரசிகர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு ஒன்று உள்ளது. மற்போர் அரங்கில் பெரும்பாலும் கெட்டவனே விதியை மீறுவான். நல்லவன் அதைத் தாண்டி வெல்வான். படுகளத்தில் மீறுபவன் நாயகன். கூட்டம் ஆரவாரிக்கிறது, சற்று நேரத்தில் அதே கூட்டம் ஒப்பாரியிலும் பங்கு கொள்கிறது.

ஆய்வும் இன்றைய நிலையும்

திரௌபதி வழிபாடு பற்றி ஆல்ஃப் இல்டபெய்டல் எழுதிய நூல்கள் 1988, 1991 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ரிச்சர்டு ஃபிராசுகா கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கூத்துக் கலைஞர் பெ. இராசகோபாலும் ஆய்வாளர் அன்னே டி புரூயினும் இணைந்து கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினர். தெருக்கூத்து என்பதைவிடக் கட்டைக்கூத்து என்ற பெயரே பொருத்தமானது என்பது இவர்களின் நிலைப்பாடு. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் இவர்கள் தொடங்கிய குருகுலம், பள்ளிக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. ஆண்களே பெண் வேடமிட்டுவந்த இக்கலையில் அங்குப் பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்றனர். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. படுகளம் பாரத விழாவின் பகுதியாகச் சிற்றூர்களில் தொடர்ந்து நிகழ்த்தப்பட்டு வருகிறது.